ஓட்டல் அறைகளுக்கு மல்டிகாஸ்ட்: மொரிஷியஸில் எந்த வழி?

மொரிஷியஸின் கடற்கரை ஓட்டல்களில் அறைக்கு அறை ஓடிய பழைய கோஆக்சியல் கேபிள்கள் ஒவ்வொன்றாக விடைபெற்று வருகின்றன. பெல் மார், கிராண்ட் பே, ஃபிளிக் அன் ஃபிளாக் என்று எங்கே புதுப்பிப்பு வேலை நடந்தாலும் டிவி, தொலைபேசி, கேமரா மூன்றும் ஒரே நெட்வொர்க்கில் ஏறிவிடுகின்றன. எபேன் சைபர்சிட்டியில் உட்கார்ந்து அதற்கு வடிவம் போடுகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களும், இங்கேயே பிறந்து மோக்கா மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் கற்றவர்களும் ஒரே மேசையில் வேலை பார்க்கிறார்கள். கையேடு ஆங்கிலத்தில், ஓட்டல் ஒப்பந்தம் பிரெஞ்சில், பேச்சு கிரியோலில். இந்த விஷயத்தை ஒருமுறை தமிழில் முழுமையாக எழுதி வைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மல்டிகாஸ்ட் என்பது ஒரே படத்தை ஒரே முறை அனுப்பி, கேட்கும் எல்லாத் திரைகளுக்கும் சேர்ப்பது. அதன் வழிகளை ஒப்பிடும்போது எதில் என்ன வசதி என்றுதான் பெரும்பாலும் பட்டியல் போடுகிறார்கள். வேலை செய்யும்போது எல்லா வழியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். படம் வருகிறது, அவ்வளவுதான். பழுதாகும்போதுதான் வித்தியாசம் தெரியும். டிசம்பரில் அறைகள் நிரம்பி வழியும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலத்தின் உச்சம். மின்சாரம் போய் வரும், ஸ்விட்ச்கள் தாறுமாறான வரிசையில் எழுந்து நிற்கும். இரவுப் பணியில் ஒரே ஒரு டெக்னீஷியன் இருப்பார். படம் நின்றுபோன அந்த நேரத்தில் அவர் விடை தேட வேண்டிய கேள்விகள் எத்தனை என்பதுதான் என் அளவுகோல்.

அதை வைத்து என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிறிய ஓட்டலுக்கு மல்டிகாஸ்டே வேண்டாம். ஒரே கட்டடமாக இருந்தால் ஒரே விலானில் (நெட்வொர்க்கைப் பிரித்த ஒரு பகுதியில்) ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் போதும்; ஐஜிஎம்பி என்பது டிவி தனக்கு வேண்டிய சேனலைக் கேட்கும் மொழி. பல கட்டடங்கள், பல விலான்கள் என்றால் எஸ்எஸ்எம், அதாவது அனுப்புபவரையும் குறிப்பிட்டுக் கேட்கும் முறை. டிவிப் பெட்டிகள் அதற்கு இடம் கொடுக்காவிட்டால், ஆர்பி என்ற நடுவர் ரவுட்டரின் முகவரியைக் கையால் எழுதிய ஸ்பார்ஸ் மோட் (கேட்டவருக்கு மட்டும் அனுப்பும் முறை). எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் பிறகு வெட்டும் டென்ஸ் மோட் எங்கேயும் வேண்டாம்.

முதலில், மல்டிகாஸ்ட் தேவையா?

ஒரு எச்டி சேனலுக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். 40 அறைகள் உள்ள ஓட்டலில் ஒவ்வொரு டிவியும் தனித்தனியாக யூனிகாஸ்டில் இழுத்தாலும் 320 மெகாபிட்தான். ஒரு கிகாபிட் போர்ட்டில் தாராளமாக அடங்கும். இதற்குப் போய் ரவுட்டர்களில் மல்டிகாஸ்ட் ரவுட்டிங்கை இயக்கி, பிறகு ஆண்டுக்கணக்கில் பராமரிப்பது வீண் சுமை. எச்டிடிபி வழியாக அனுப்பும் எச்எல்எஸ் போன்ற முறை போதும். வைஃபையிலும் அது ஒழுங்காக ஓடும்.

250 அறைகள் என்றால் யூனிகாஸ்ட் 2 கிகாபிட்டைத் தொடுகிறது. மல்டிகாஸ்டில் 60 சேனல்களையும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 480 மெகாபிட். அறைகள் 250 ஆனாலும் 600 ஆனாலும் அதே எண்தான். 10 கிகாபிட் இணைப்புகள் மலிவாகிவிட்ட இந்தக் காலத்தில் இந்தக் கணக்கு மட்டுமே வைத்து முடிவெடுக்க மாட்டேன். தாமதத்தையும் சேர்த்துப் பார்ப்பேன். எச்எல்எஸ் முறையில் படம் பல நொடிகள் பின்தங்கி வரும். அந்தப் பின்தங்கலும் திரைக்குத் திரை மாறும். இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டம் என்றால் இந்தத் தீவு எப்படிப் பார்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டல் பாரில் ஆறு திரைகள் இருந்து, கோல் விழுந்ததும் ஒரு மூலையில் ஆரவாரமும் மறு மூலையில் அமைதியும் என்றால் மறுநாள் காலையில் மேலாளரிடமிருந்து தொலைபேசி வரும். மல்டிகாஸ்டில் எல்லாத் திரைகளுக்கும் ஒரே பாக்கெட் போவதால் இந்தச் சிக்கல் அநேகமாக எழுவதில்லை.

விருந்தினர்கள் தங்கள் கைபேசியிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவதையும் பலர் இதே கணக்கில் சேர்த்து, ‘அதற்கும் பிம் போட்டுவிடலாம்’ என்கிறார்கள் (பிம் என்பது ரவுட்டர்கள் மல்டிகாஸ்டுக்குப் பாதை போட்டுக்கொள்ளும் முறை). பலிக்காது. அந்தக் கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளப் பயன்படுத்தும் 224.0.0.251 என்ற முகவரியை எந்த ரவுட்டரும் ஒரு விலானிலிருந்து மறு விலானுக்குக் கடத்தாது. 224.0.0.0 முதல் 224.0.0.255 வரையுள்ள முகவரிகள் அந்தந்த இணைப்புக்குள்ளேயே நிற்க வேண்டியவை. அந்தச் செய்திகளை விலானுக்கு விலான் கடத்தும் எம்டிஎன்எஸ் கேட்வே தனியாகத் தேவை.

ஒரே விலான், ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்

தைப்பூசக் காவடி நாளில் கோவில் முன் மண்டபத்திலும் அன்னதானக் கூடத்திலும் நான்கைந்து திரைகள் வைத்து அபிஷேகத்தைக் காட்ட வேண்டும் என்றால் இந்த வழிதான் சரி. ஒரு கேமரா, படத்தை நெட்வொர்க்கில் அனுப்பும் ஒரு என்கோடர், ஒரு ஸ்விட்ச். ரவுட்டிங் பேச்சே வேண்டாம். ஒரே கட்டடமாக இருக்கும் நகர ஓட்டலுக்கும் இது பொருந்தும்.

ஸ்னூப்பிங் என்பது, எந்த போர்ட்டில் இருக்கும் டிவி எந்த சேனலைக் கேட்கிறது என்பதை ஸ்விட்ச் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வது. அதை அணைத்து வைத்தால் மல்டிகாஸ்ட் எல்லாம் எல்லா போர்ட்டுக்கும் போகும். அறை டிவிகளில் பலவற்றுக்கு 100 மெகாபிட் போர்ட்தான். 480 மெகாபிட்டை அதில் கொட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இந்த வழியின் பெரிய பழுது க்வெரியர் இல்லாமல் விடுவதுதான். அதன் அடையாளம் மறக்க முடியாதது: டிவியைப் போட்டதும் படம் அருமையாக வரும். நான்கு நிமிடம் சொச்சம் கழித்து உறைந்துவிடும். சேனலை மாற்றினால் மறுபடி வரும், மறுபடி நிற்கும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. க்வெரியர் 125 நொடிக்கு ஒருமுறை ‘யாருக்கு எது வேண்டும்?’ என்று கேட்க வேண்டும். டிவி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை கேட்டும் பதில் வராமல், பதிலுக்கான 10 நொடியும் கழிந்தால் ஸ்விட்ச் அந்தப் பதிவை அழித்துவிடும். 125 இரு முறை, கூட 10. மொத்தம் 260 நொடி. கேட்கும் ஆளே இல்லாவிட்டால் டிவி முதலில் சொன்ன ஒரே ஒரு பதிலுக்கு ஆயுள் அவ்வளவுதான். பல தயாரிப்புகளில் இந்த இடைவெளியின் இயல்பு மதிப்பு வேறாக இருக்கும். சிஸ்கோ ரவுட்டர்கள் பலவற்றில் 60 நொடி. எண் மாறினாலும், குறிப்பிட்ட நேரம் கழித்துத் தவறாமல் நிற்கும் படம் என்றால் முதலில் க்வெரியரைத் தேடுங்கள். டிவியைக் கழற்றிப் புதியது மாட்டுவது, கேபிள் மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது, வேண்டாத க்வெரியர். ஒரே விலானில் இருவர் கேட்கத் தொடங்கினால் சிறிய ஐபி முகவரி உள்ளவர் ஜெயிப்பார். கூட்ட அரங்கில் யாரோ செருகிவிட்டுப் போன மலிவான ரவுட்டர் ஐஜிஎம்பி பேசக்கூடியதாக இருந்து, அதன் முகவரியும் சிறியதாக இருந்தால், அது க்வெரியராகிவிடும். ஸ்விட்ச் அந்த போர்ட்டை மல்டிகாஸ்ட் ரவுட்டர் இருக்கும் போர்ட் என்று நம்பி, அந்த விலானில் ஓடும் அத்தனை சேனலையும் அங்கே அனுப்பும். அதனால் நம்முடைய க்வெரியருக்கு அந்த சப்நெட்டின் மிகச் சிறிய முகவரியைக் கொடுத்துவிடுங்கள். 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து கேள்வி அனுப்பும் ஏற்பாட்டையும் தவிர்ப்பது நல்லது; சில பெட்டிகள் அதை மதிப்பதே இல்லை.

முகவரித் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மல்டிகாஸ்ட் முகவரி கொடுக்கிறோம்; அதைத்தான் குழு என்கிறோம். மல்டிகாஸ்ட் ஐபி முகவரியின் கடைசி 23 பிட்டை மட்டும்தான் ஈதர்நெட் முகவரியில் வைக்கிறோம். அதனால் 32 ஐபி குழுக்களுக்கு ஒரே ஈதர்நெட் (மேக்) முகவரி வந்துவிடுகிறது. சேனல் ஒன்றுக்கு 239.0.0.5 என்று எண் கொடுத்தால் அது 224.0.0.5 உடன், அதாவது ரவுட்டர்கள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் பேசும் முகவரியுடன், ஈதர்நெட் அளவில் ஒன்றாகிவிடும். அந்த வரிசையை ஸ்விட்ச்கள் கட்டுப்படுத்தாமல் எல்லாப் பக்கமும் விடுவதே வழக்கம். 239.128.0.5 கொடுத்தாலும் இதே கதி. உள் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய 239.192.0.0 தொடங்கும் பகுதியில் எண் கொடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

கட்டடங்கள் பெருகும்போது இந்த வழி தாங்காது. தோட்டத்துக்கு நடுவே சிதறிக் கிடக்கும் வில்லாக்கள் வரைக்கும் ஒரே விலானை இழுத்துக்கொண்டு போனால், ஒரு வில்லாவில் யாரோ லூப் போட்ட கேபிள் வரவேற்பறை டிவியையும் சேர்த்து நிறுத்தும். அந்த இடத்தில் ரவுட்டிங் தேவைப்படுகிறது.

டென்ஸ் மோட்

கட்டமைப்பது மிகச் சுலபம் என்பதால் இன்னமும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். கேட்காதவர் முன்னாலும் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, வேண்டாம் என்றவர் இலையை மட்டும் எடுப்பது போன்றது இது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி எல்லோருக்கும் இலை விழும். 60 சேனல்களுக்கு இந்த வெள்ளம் மீண்டும் மீண்டும் வருவதை எந்த ஓட்டல் நெட்வொர்க்கும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஸ்பார்ஸ் மோட்

இதில் கேட்டவருக்கு மட்டுமே போகும். ஆனால் கேட்பவருக்கு அனுப்புபவர் யார் என்று தெரியாது. அனுப்புபவருக்குக் கேட்பவர் யார் என்று தெரியாது. இருவரையும் இணைத்துவைக்க ஆர்பி என்ற ஒரு ரவுட்டர் நடுவில் நிற்கிறது. டிவி குழுவைக் கேட்டதும் அதன் பக்கத்து ரவுட்டர் ஆர்பியை நோக்கி ஒரு கிளை கட்டும். என்கோடர் பக்கத்து ரவுட்டர், வந்த பாக்கெட்டை யூனிகாஸ்டில் பொதிந்து ஆர்பிக்கு ‘ரிஜிஸ்டர்’ என்று அனுப்பும். ஆர்பி மூலத்தை, அதாவது என்கோடரை, நோக்கிக் கிளை கட்டியதும் ‘ரிஜிஸ்டர் ஸ்டாப்’ சொல்லும். கடைசியில் டிவி பக்கத்து ரவுட்டர், ஆர்பியை விட்டுவிட்டு மூலத்துக்கு நேர்வழி தேடிக்கொள்ளும்.

இத்தனை கட்டங்கள் இருப்பதால் பழுதாகும் இடங்களும் அத்தனை. ஆர்பி யார் என்பதில் எல்லா ரவுட்டரும் ஒத்துப்போகிறதா? ஆர்பியின் சொந்தக் கட்டமைப்பிலும் அதன் முகவரியை எழுதினோமா? ரிஜிஸ்டர் பாக்கெட்டை நடுவில் ஃபயர்வால் ஏதாவது தடுக்கிறதா? பிம் என்பது டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. ஐபியின் 103-ஆம் எண் புரோட்டோகால். ஃபயர்வால் விதி எழுதுகிறவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். முதல் ரவுட்டரில் ‘ரிஜிஸ்டரிங்’ என்றே நின்றுகொண்டிருந்தால், ரிஜிஸ்டர் போய்ச் சேரவில்லை அல்லது ஸ்டாப் திரும்பி வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் தவறாமல் கேட்பது, ‘அண்ணா, ஆர்பியை எங்கே வைக்கலாம்?’ என்பது. நான் சொல்லும் பதில் ஒன்றே: என்கோடர்கள் எந்த ரவுட்டரில் செருகியிருக்கின்றனவோ அதிலேயே வை, தம்பி. மூலத்தின் முதல் ரவுட்டரும் ஆர்பியும் ஒன்றாக இருந்தால் பொதிந்து அனுப்பும் ரிஜிஸ்டர் கட்டமே இல்லாமல் போகிறது. பொதுவான கிளையும் நேர்வழியும் ஏறக்குறைய ஒரே பாதை ஆகிவிடுகின்றன. ஓட்டலில் சேனல்களைப் பெற்று அனுப்பும் ஹெட்எண்ட் அறை ஒன்றுதான் என்பதால் இது எப்போதும் சாத்தியம்.

ஆர்பியை மற்ற ரவுட்டர்களுக்கு எப்படி அறிவிப்பது என்பதில் மூன்று வழிகள். ரவுட்டர் வேலையும் பார்க்கும் லேயர் 3 ஸ்விட்ச்கள் நான்கைந்து உள்ள இடத்தில் கையால் எழுதுவதே மேல். ஒவ்வொன்றிலும் ஒரு வரி. பத்து ஆண்டுக்கு மாறாது. நூறு ரவுட்டர்கள் இருந்தால், ஆர்பியைத் தானாக அறிவிக்கும் பிஎஸ்ஆர். சிஸ்கோவின் ஆட்டோ ஆர்பியை நான் தவிர்க்கிறேன். அது அறிவிப்புக்குப் பயன்படுத்தும் 224.0.1.39, 224.0.1.40 என்ற குழுக்களே டென்ஸ் முறையில் பரவ வேண்டியிருப்பதால், பலர் ‘ஸ்பார்ஸ்-டென்ஸ்’ என்ற கலப்பு நிலையைப் போட்டுவிடுகிறார்கள். ஆர்பி விழுந்தால் சேனல்கள் டென்ஸ் முறைக்குச் சரியும் அபாயம் அதில் இருக்கிறது. புயலில் ஆர்பி விழும் அதே நேரத்தில் மீதியுள்ள இணைப்புகளில் வெள்ளமும் பாயும்.

ஆர்பிக்கு மாற்று வேண்டும் என்றால் எனிகாஸ்ட் ஆர்பி: இரண்டு மைய ஸ்விட்ச்களில் எந்த போர்ட்டையும் சாராத ஒரே லூப்பேக் முகவரி, இரண்டும் மூலங்களைப் பற்றி எம்எஸ்டிபி என்ற புரோட்டோகால் வழியாகச் செய்தி பரிமாறிக்கொள்ளும். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரவில் பழுது பார்ப்பவருக்கு இன்னும் இரண்டு கேள்விகள் கூடுகின்றன.

எஸ்எஸ்எம்

ஓட்டல் டிவியில் அனுப்புபவர் யார் என்பது ரகசியம் இல்லை. என்கோடர்கள் நாம் வாங்கியவை. அவற்றின் ஐபி முகவரியை நாமே கொடுத்தோம். அப்படியிருக்க அறிமுகம் செய்துவைக்கும் ஆர்பி எதற்கு? எஸ்எஸ்எம் முறையில் டிவி, ‘இந்த மூலத்திலிருந்து வரும் இந்தக் குழு வேண்டும்’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது. ரவுட்டர் நேராக மூலத்தை நோக்கிக் கிளை கட்டுகிறது. ஆர்பி இல்லை, ரிஜிஸ்டர் இல்லை, நடுவழியில் பாதை மாறுவதும் இல்லை. இதற்கென 232.0.0.0 முதல் 232.255.255.255 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். 2006-இல் ஆர்எஃப்சி 4607 என்ற இணையத் தர ஆவணம் இதை வரையறுத்தது. டொமைன்களுக்கு (தனித்தனி நிறுவன நெட்வொர்க்குகளுக்கு) இடையே பழைய ‘எந்த மூலமும் ஆகலாம்’ முறையைக் கைவிடும்படி 2020-இல் ஆர்எஃப்சி 8815 பரிந்துரைத்தது. ஒரு நிறுவனத்துக்குள் அதை வைத்துக்கொள்ளத் தடை இல்லை என்றாலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது புரிகிறது.

கட்டமைப்பு ஸ்பார்ஸ் மோடைவிடக் குறைவு. மல்டிகாஸ்ட் ரவுட்டிங்கை இயக்குங்கள். பாதையில் உள்ள எல்லா இன்டர்ஃபேஸிலும், என்கோடர் இருக்கும் விலான் உட்பட, பிம் ஸ்பார்ஸ் நிலையைப் போடுங்கள். எஸ்எஸ்எம் எல்லையை அறிவியுங்கள். டிவி விலான்களில் ஐஜிஎம்பி வெர்ஷன் 3. முடிந்தது. 232.0.0 என்று தொடங்கும் எண்களையும் 232.128.0 என்று தொடங்குவதையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். மேலே சொன்ன 23 பிட் சிக்கல் இங்கேயும் உண்டு.

பாதுகாப்பும் இதில் தானாக வருகிறது. ஸ்பார்ஸ் மோடில், டிவி விலானுக்குள் நுழைந்துவிட்ட ஒருவர் மடிக்கணினியிலிருந்து அதே குழு முகவரிக்கு வேறொரு படத்தை அனுப்பினால், வடிகட்டி எதுவும் எழுதாத நெட்வொர்க்கில் அது மற்ற கட்டடங்களின் டிவிகளுக்கும் போய்ச் சேரலாம். எஸ்எஸ்எம் முறையில் நம் என்கோடரின் முகவரியைத் தவிர வேறு மூலத்துக்கு ரவுட்டர் கிளையே கட்டாது.

இத்தனை நன்மை இருந்தும் இது எல்லா ஓட்டலிலும் இல்லாததற்குக் காரணம் டிவிப் பெட்டிகள். ரவுட்டர்களில் பல ஆண்டுகளாகவே இந்த வசதி இருக்கிறது. பழைய ஓட்டல் டிவிகளும் செட் டாப் பாக்ஸ்களும் ஐஜிஎம்பி வெர்ஷன் 2 மட்டுமே பேசும்; அதில் மூலத்தைக் குறிப்பிடவே இடமில்லை. அதனால்தான் வடிவமைப்பு தொடங்கும் முன் டிவி மாதிரி ஒன்றை வாங்கி வைத்து, அது அனுப்பும் பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். வெர்ஷன் 3 அறிக்கை என்றால் 224.0.0.22 என்ற முகவரிக்குப் போகும். வெர்ஷன் 2 என்றால் குழுவின் முகவரிக்கே போகும். இந்த ஒரு பாக்கெட்டைப் பார்த்தாலே வடிவமைப்பில் பாதி முடிவாகிவிடும்.

வெர்ஷன் 2 தான் என்றாலும் எஸ்எஸ்எம் மேப்பிங் என்ற வழி மிச்சமிருக்கிறது. டிவி வெறும் குழுவைக் கேட்டால், ரவுட்டர் தன் அட்டவணையைப் பார்த்து மூலத்தைச் சேர்த்துக்கொள்ளும். சேனல் எண்ணிக்கை குறைவாகவும் என்கோடர் ஒன்றிரண்டாகவும் இருந்தால் இதையே பரிந்துரைப்பேன். மூலங்கள் பல, அவை அடிக்கடி மாறும் என்றால் மேப்பிங் அட்டவணையை ஒவ்வொரு ரவுட்டரிலும் திருத்திக்கொண்டிருப்பது பிழைக்கு இடம் கொடுக்கும். அங்கே ஸ்பார்ஸ் மோட் மேல்.

எஸ்எஸ்எம் பழுதாகும் விதங்களும் உண்டு. மூலத்தின் முகவரி மாறினால் எல்லாம் நிற்கும். என்கோடர் எரிந்துபோய் வேறு பெட்டி வைக்கும்போது பழைய ஐபி முகவரியையே கொடுக்க வேண்டும் என்பதை ஹெட்எண்ட் அறையில் எழுதி ஒட்டிவையுங்கள். இன்னொன்று நுட்பமானது. விலானில் எங்கேயாவது பழைய ஸ்விட்ச் ஒன்று வெர்ஷன் 2 க்வெரியராக ஜெயித்துவிட்டால், வெர்ஷன் 3 பேசும் டிவிகளும் அதைக் கேட்டு வெர்ஷன் 2-க்கு இறங்கிவிடும். மூலத்தின் பெயர் அறிக்கையிலிருந்து காணாமல் போகும். 232 எல்லையில் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. ரவுட்டரில் எல்லாம் சரியாக இருக்கும், படம் மட்டும் வராது. புதுப்பிப்பில் பழைய ஸ்விட்ச்களைப் பாதி விட்டுவைத்த ஓட்டல்களில் இதை எதிர்பாருங்கள்.

பைடைரக்ஷனல் பிம் பற்றியும் கேட்பார்கள். எல்லோரும் அனுப்பி எல்லோரும் கேட்கும் இடங்களுக்கு அது அருமையானது. ஓட்டல் டிவி அந்த வகை இல்லை.

பழுது தேடும் முறை

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் டிவியில் தொடங்கி மூலத்தை நோக்கி நடங்கள். டிவி கேட்டதா என்பது முதல் கேள்வி: ஸ்விட்சின் ஸ்னூப்பிங் அட்டவணையிலும், பக்கத்து ரவுட்டரில் ‘ஷோ ஐபி ஐஜிஎம்பி குரூப்ஸ்’ தரும் பட்டியலிலும் குழு இருக்க வேண்டும். பிறகு ‘ஷோ ஐபி எம்ரூட்’. அங்கே மூலமும் குழுவும் சேர்ந்த பதிவு இருக்கிறதா, உள்ளே வரும் இன்டர்ஃபேஸ் எது, வெளியே போவது எது. உள்ளே வரும் இடத்தில் ‘நல்’ என்றும், ஆர்பிஎஃப் அண்டை 0.0.0.0 என்றும் இருந்தால் பழுது கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஆர்பிஎஃப் சோதனையை ஒவ்வொரு பொறியாளரும் மனதில் ஆழமாக வாங்கிக்கொள்ள வேண்டும். மல்டிகாஸ்ட் பாக்கெட் வந்ததும் ரவுட்டர் கேட்பது: ‘இந்த மூலத்துக்கு நான் யூனிகாஸ்டில் போக வேண்டுமானால் எந்தப் பக்கம் போவேன்?’ பாக்கெட் அந்தப் பக்கத்திலிருந்து வராவிட்டால் குப்பையில் போடும். ஓர் உதாரணம். வில்லாப் பகுதி ஸ்விட்சுக்கு மையத்திலிருந்து இரண்டு ஃபைபர் இணைப்புகள். இரண்டிலும் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது. பிம் ஒன்றில் மட்டும் போடப்பட்டிருக்கிறது. இணையம், தொலைபேசி எல்லாம் குறையில்லாமல் இயங்கும். ஓஎஸ்பிஎஃப் எந்த இணைப்பைச் சிறந்தது என்று நினைக்கிறதோ அதைப் பொறுத்து டிவி வரும் அல்லது வராது. உப்புக் காற்றில் கனெக்டர் அரித்து ஓர் இணைப்பு விழுந்து எழும் நாளில், பிம் இல்லாத பக்கத்துக்குப் பாதை மாறும், படம் போய்விடும். ‘ஷோ ஐபி ஆர்பிஎஃப்’ என்று மூலத்தின் முகவரியைக் கொடுத்துக் கேட்டு, வரும் இன்டர்ஃபேஸ் பெயரை ‘ஷோ ஐபி பிம் நெய்பர்’ பட்டியலுடன் ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். யூனிகாஸ்ட் ஓடும் ஒவ்வொரு இணைப்பிலும் பிம் இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே கிராண்ட் பேயில் ஒரு ஓட்டல், தெற்கே லெ மோர்னில் அதே குழுமத்தின் இன்னொரு ஓட்டல். ஒரே ஹெட்எண்டிலிருந்து இரண்டுக்கும் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பொது இணையம் மல்டிகாஸ்டைச் சுமப்பதில்லை. சேஃப், லயன், மெட்டிஸ் என்று எத்தனை கடலடி கேபிள்கள் இந்தத் தீவைத் தொட்டாலும் இதில் மாற்றமில்லை. தொலைத்தொடர்பு நிறுவனம் தரும் விபிஎன் சேவையில் மல்டிகாஸ்ட் உண்டா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் ஜிஆர்இ டன்னல் போட்டு அதற்குள் பிம் ஓட்டலாம். அப்போதும் ஆர்பிஎஃப் இடறும்: யூனிகாஸ்ட் அட்டவணை மூலத்துக்கான வழியாக டன்னலைக் காட்டாமல் வெளி இணைப்பைக் காட்டும். மூலத்தின் சப்நெட்டுக்கு டன்னல் வழியாக ஒரு நிலையான எம்ரூட் எழுத வேண்டும். பாக்கெட் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். டிவிப் படம் வரும் 188 பைட் துண்டுகள் ஏழு சேர்ந்து 1316, அதனுடன் யுடிபி, ஐபி, ஜிஆர்இ தலைப்புகளைக் கூட்டினாலும் 1368 பைட். 1500-க்குள் அடங்கிவிடுகிறது.

பாதை எல்லாம் சரியாக இருந்தும் முதல் ரவுட்டரைத் தாண்டிப் படம் வரவில்லை என்றால், பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்று வரம்பு வைக்கும் டிடிஎல்லைப் பாருங்கள். மல்டிகாஸ்ட் அனுப்பும் மென்பொருளில் யாரும் மாற்றாவிட்டால் டிடிஎல் 1 என்பதே இயல்பு. என்கோடர் இருக்கும் விலானில் மடிக்கணினியைச் செருகினால் படம் வரும். வேறு விலானில் வராது. 16 அல்லது 32 வையுங்கள்.

ஸ்விட்ச் போர்ட்டுகளில் வெள்ளம்போல் பாயும் பாக்கெட்டுகளை மட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோல் மல்டிகாஸ்டுக்கும் சேர்த்து இறுக்கமாக வைக்கப்பட்டிருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். வைஃபை வழியாகப் பார்ப்பவருக்கு மட்டும் உடைந்தால் காரணம் வேறு: அங்கே மல்டிகாஸ்ட் குறைந்த வேகத்தில், பெற்றுக்கொண்டேன் என்ற பதில் இல்லாமல் போகிறது. அக்சஸ் பாயின்டில் அதை யூனிகாஸ்டாக மாற்றும் வசதியை இயக்குங்கள்.

சேனல் மாற்றும்போது பழையது உடனே நிற்க ‘இமீடியட் லீவ்’ போடுவார்கள். ஒரு போர்ட்டுக்கு ஒரு டிவி என்றால் நல்லது. ஒரே போர்ட்டின் கீழ் சிறிய ஸ்விட்ச் வைத்து இரண்டு டிவி ஓடும் சூட் அறைகளில், ஒருவர் சேனல் மாற்றினால் அடுத்தவர் பார்க்கும் அதே சேனல் நின்றுவிடும்.

ஒப்படைக்கும் முன்

ஓட்டல் அடுத்த கட்டத்துக்கு டிவி வாங்கப் போகிறது என்றால், ஐஜிஎம்பி வெர்ஷன் 3-இல் மூலத்தைக் குறிப்பிட்டுக் கேட்கும் வசதி கட்டாயம் என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விருந்தினர் விலான்களில் பிம்மை, அண்டை ரவுட்டர் எதையும் ஏற்காத பாசிவ் நிலையில் வையுங்கள். அங்கே யாரும் ரவுட்டர் வேடம் போட முடியாது.

சோதனை நாளில் படம் வருகிறது என்று பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரே சேனலைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கட்டடத்தின் ஃபைபரையும் முறைவைத்துப் பிடுங்குங்கள். மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, அறைப்பக்க ஸ்விட்ச்களை முதலிலும் மைய ஸ்விட்சைக் கடைசியிலும் எழுப்புங்கள். புயலுக்குப் பிறகு அந்த வரிசையில் எழ நேரலாம். டிவி விலானில் ஒரு மடிக்கணினியிலிருந்து போலிப் படம் அனுப்பிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருக்கும் அந்த நேரத்திலேயே ஒவ்வொரு ரவுட்டரின் எம்ரூட், பிம் நெய்பர், ஐஜிஎம்பி அட்டவணைகளை அச்செடுத்து, எந்த வரி எதைக் குறிக்கிறது என்று பிரெஞ்சில் பக்கத்தில் எழுதி, இரவுப் பணி மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.